கார்ட்ஸ்டன் ஆலயத்தில் குளிர்கால ஊழியம்: எழுபது வயதில் போகலாமா?

எட்மண்டன்_மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். கனடாவில் இருக்கும் தமிழர்களிடம், முக்கியமாகத் தெற்கு ஆல்பர்ட்டா குளிரைப் பார்த்தவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்.

என் மாமனார் மாமியார் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். வெளியில் மார்மன் சபை என்று சொல்வார்கள். கோயம்புத்தூரில் இருந்தபோதே சேர்ந்தவர்கள். நான் அந்தச் சபை இல்லை, வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள். இதுவரை அதனால் எங்களுக்குள் ஒரு மனக்கசப்பும் வந்ததில்லை.

இப்போது இருவருக்கும் கார்ட்ஸ்டன் ஆலயத்தில் முழுநேர மூத்த ஊழியர்களாக அழைப்பு வந்திருக்கிறது. ஜனவரியில் தொடங்க வேண்டும். சம்பளம் கிடையாது, வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் சொந்தச் செலவு. மாமாவுக்கு 71 வயது, சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். அத்தைக்கு முட்டி வலி. எட்மண்டனிலேயே ஓர் ஆலயம் இருக்கும்போது, ஐந்து மணி நேரம் தெற்கே போய் எதற்கு இந்தக் குளிரில் கஷ்டப்பட வேண்டும்? கேட்டால் அத்தை சிரித்துக்கொண்டே பெட்டி அடுக்குகிறார். என் கணவர் "அவங்க ஆசை, விடு" என்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அங்கே இருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். வயதானவர்களை இதற்கு அனுப்புவது சரியா?

பிராம்ப்டன்_வாசி

தங்கச்சி, நான் அந்தச் சபை ஆள் இல்லை. ஆனால் டொராண்டோ ஆலயம் என்று பெயர் இருந்தாலும் அது இருப்பது எங்கட பிராம்ப்டனில். 1990இல் திறந்தது, உச்சியில் தங்க நிறத்தில் ஒரு தேவதூதர் சிலை. வேலைக்குப் போகிற வழி. ஸ்னோ கொட்டுகிற நாளிலும் விடிய முன்னமே காரில் வந்து இறங்குகிறவர்கள் அநேகமாக நரைத்த தலைகள்தான். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே போவினம். அவர்களைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வந்ததில்லை, மரியாதைதான் வந்தது. மற்றபடி கார்ட்ஸ்டன் குளிர் எங்கட குளிரை விடக் கடுமை என்று கேள்வி. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கால்கரி_கோவை

மகளே, நானும் கோயம்புத்தூர்க்காரிதான், அதே சபைதான். என் கணவரும் நானும் கால்கரியிலிருந்து போய் அதே கார்ட்ஸ்டனில் ஊழியம் செய்தோம், குளிர்காலமும் சேர்த்து. சுருக்கமாகச் சொன்னால், தாராளமாகப் போகலாம். ஆனால் வீடு எங்கே, கார் எப்படி, எந்த நேரத்து முறை (ஷிப்ட்) என்ற மூன்றையும் பேசி முடித்த பிறகுதான் பெட்டியைத் தூக்க வேண்டும். ஆலயத்துக்குள் குளிர் கிடையாது. ஆபத்தெல்லாம் வீட்டு வாசலுக்கும் ஆலய வாசலுக்கும் நடுவில் இருக்கிறது.

ஏன் கார்ட்ஸ்டன் என்று கேட்டாய். எட்மண்டன் ஆலயம் 1999 டிசம்பரில் வந்தது, சின்னது. கார்ட்ஸ்டன் ஆலயம் 1923 ஆகஸ்டில் பிரதிஷ்டை ஆனது, கனடாவின் முதல் ஆலயம். 1887இல் சார்ல்ஸ் ஓரா கார்ட் என்பவர் தலைமையில் அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டாக்கிய ஊர் அது. இன்றைக்கும் அங்கே நாலாயிரம் பேர்கூட இல்லை. அவ்வளவு சின்ன ஊரில் அவ்வளவு பெரிய ஆலயத்தை நடத்த உள்ளூர்க்காரர்கள் மட்டும் போதமாட்டார்கள். அதனால்தான் வெளியிலிருந்து ஆட்களைக் கேட்கிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் நெல்சன் பக்கத்திலிருந்து கொண்டுவந்த வெளிர் கிரானைட் கல்லில் கட்டியது. கோபுரமும் இல்லை, சிலையும் இல்லை. சிலுவை வடிவ அடித்தளத்தில் படிப்படியாக உயர்ந்து, மேட்டில் தனியாக நிற்கும். 1992இல் கனடா அரசு தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது.

உன் அத்தையும் மாமாவும் அங்கே என்ன செய்வார்கள் என்று உனக்கு ஒரு பிடி கிடைக்க வேண்டும் இல்லையா? சடங்குகளின் உள்விவரங்களை நாங்கள் வெளியில் பேசுவதில்லை. பேசக்கூடியதைச் சொல்கிறேன். முதலில் ஊழியர்கள் எல்லாரும் கூடி ஜெபம். பிறகு அவரவர் இடம். உள்ளே எல்லாருக்கும் வெள்ளை உடை, வெள்ளைக் காலணி. என் கணவருக்குப் பல நாள் வாசல் மேசை. உள்ளே வர ஒவ்வொருவரிடமும் ஆலயப் பரிந்துரைச் சீட்டு இருக்க வேண்டும், அதைப் பார்த்து அனுப்புவது அவர் வேலை. மைனஸ் இருபதிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது, கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். கையுறையைக் கழற்றி, கோட்டின் உள்பையில் சீட்டைத் தேடித் தடவுவார்கள். இவர் மேசையில் ஒரு மெல்லிய துணி வைத்திருப்பார். "மெதுவா, அவசரமே இல்லை" என்று முதலில் துணியைத்தான் நீட்டுவார், சீட்டை அப்புறம்தான் கேட்பார்.

எனக்கு ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் நிறைய வேலை. பன்னிரண்டு எருதுச் சிலைகளின் மேல் நிற்கும் தொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர். மரித்துப்போன முன்னோர்களின் பெயரில், அவர்களுக்குப் பதிலாகப் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெறுவார்கள். பள்ளி தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிற பெண்பிள்ளைகளும் உண்டு. குளிர்காலத்தில் அங்கே எனக்கு இருந்த முதல் கவலை அவர்கள் தலைமுடி. ஈரத்தலையோடு வெளியே போனால் கார் கதவைத் திறப்பதற்குள் முடி கம்பியாக விறைத்துவிடும். ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியின் பின்னந்தலையையும் தொட்டுப் பார்த்த பிறகே விடுவேன். அடிமுடி காயவில்லை என்றால் திரும்ப உட்கார வைப்பேன். அந்தப் பிள்ளைகள் யாருக்கும் நான் சொந்தமில்லை. ஆனாலும் வாரம் முழுக்க என் கைகளுக்கு அந்த வேலை இருந்தது. உன் அத்தை பெட்டி அடுக்கும்போது சிரிக்கிறார் என்றாயே, எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

மயிலை_வாசகர்

நல்ல விவரங்கள் அம்மா. ஆனால் ஒரு கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வேலைக்கு இளைஞர்களை அனுப்பலாமே? உங்கள் சபையில் பதினெட்டு வயதுப் பையன்கள் சட்டை, டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்களே. எழுபது வயதுக்காரர்களைப் பனியில் இறக்கி, சொந்தக் காசையும் செலவழிக்க வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இரண்டாவது, செத்தவர்களுக்காக ஞானஸ்நானம் என்பது எனக்குப் புதிது. நாங்கள் அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கிறோமே, அந்த மாதிரியா?

கால்கரி_கோவை

ஐயா, தர்ப்பணத்தோடு ஓரளவு ஒத்துப்போகும். போனவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் எங்கள் நம்பிக்கையில் மரித்தவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம், அது அவர் விருப்பம். நாங்கள் செய்வது கதவைத் திறந்து வைப்பது மட்டும். பெயர் சொல்லி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்கிறோம். அதற்கு முதலில் முன்னோர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இனிஷியலை வைத்து ஓட்டும் நம் குடும்பங்களில் அது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்கே தெரியும். என் அம்மாவழிப் பாட்டியின் அம்மா பெயரைத் தெரிந்துகொள்ள ஊரில் இருக்கும் ஒரு சித்தியிடம் எத்தனை முறை போனில் பேசினேன் என்று கணக்கில்லை.

இளைஞர்கள் விஷயம். அவர்களும் ஆலயத்துக்கு வருகிறார்கள். ஆனால் அந்தப் பையன்களின் அழைப்பு ஊர் ஊராகப் போய்ப் போதிக்க. மற்ற வயதினருக்குப் படிப்பு, வேலை, குழந்தைகள். பகல் முழுவதும், வாரத்தில் ஐந்து நாள், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கக்கூடியவர்கள் ஓய்வுபெற்றவர்கள்தான். யாரும் எங்களை இறக்கிவிடவில்லை. நாங்களே விண்ணப்பம் போட்டோம். உடல்நிலை பற்றி மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் அழைப்பே வரும்.

தரங்கம்பாடிக்காரன்

நான் லுத்தரன். இதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதை மரியாதையோடு பதிவு செய்கிறேன். 1 கொரிந்தியர் 15:29ஐ வைத்து இவர்கள் இதைச் செய்கிறார்கள். அந்த வசனத்தில் பவுல் அந்தப் பழக்கத்தைக் கட்டளையாகச் சொல்லவில்லை, உயிர்த்தெழுதலை நிரூபிக்க ஒரு வாதமாக எடுக்கிறார் என்பதே எங்கள் புரிதல். தவிர, ஹிட்லர் காலத்தில் கொல்லப்பட்ட யூதர்கள் பெயரிலும் இதைச் செய்ததாகப் பெரிய சர்ச்சை வந்ததே?

கால்கரி_கோவை

வந்தது தம்பி. அந்தக் குடும்பங்கள் வேதனைப்பட்டது நியாயம்தான். 1995இல் யூத அமைப்புகளோடு சபை ஒப்பந்தம் செய்து, சொந்த முன்னோர் அல்லாத அவர்கள் பெயர்களைச் சேர்ப்பதை நிறுத்த ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் சிலர் விதியை மீறிப் பெயர் கொடுத்து மறுபடி சர்ச்சை எழுந்தது, அதனால் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. இப்போது உன் வம்சத்துப் பெயரைத்தான் நீ கொடுக்கலாம். பிறந்து 110 வருஷம் ஆகாதவர் என்றால், உயிரோடு இருக்கும் நெருங்கிய சொந்தத்தின் சம்மதம் வேண்டும். இந்த விதி கடுமையாக இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

வசன விளக்கத்தில் நீயும் நானும் ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை. அந்த மகள் கேட்டது வேறு, அதற்கு வருவோம்.

ரெஜைனா_நர்ஸ்

நான் சஸ்காச்சுவானில் வேலை பார்க்கும் நர்ஸ். மதம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, மாமாவின் சர்க்கரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் அவ்வளவுதான். உருகிய பிறகு பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் பழையபடி வேலை செய்யும் என்று நம்ப முடியாது, தூக்கிப் போட வேண்டும். காரில் விட்டுவிட்டு "அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன்" என்று போகக் கூடாது. வெளியே போகும்போது இன்சுலின் பேனாவைக் கோட்டின் வெளிப்பையில் வைக்காமல் சட்டையை ஒட்டிய உள்பையில் வைக்கச் சொல்லுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் சரியாக அளக்காது, அதையும் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பாதம். பல வருஷச் சர்க்கரை என்றால் கால்விரலில் உணர்ச்சி குறைந்திருக்கும். குளிரில் விரல் மரத்துப்போவது மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, அவருக்கு அந்த எச்சரிக்கை வராது. காற்றோடு சேர்த்து மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்தில் உறையலாம். மைனஸ் 40க்குக் கீழே 5 முதல் 10 நிமிஷம் போதும். வீட்டுக்கு வந்ததும் சாக்ஸைக் கழற்றி, அத்தையை விட்டு விரல் விரலாகப் பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்தோ சாம்பல் நிறத்திலோ இருந்தால் தேய்க்கவே கூடாது. சூடு வைக்கும் பையும் கூடாது, உணர்ச்சி இல்லாத தோல் வெந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், அதையும் அத்தை கை வைத்துப் பார்த்த பிறகு. பிறகு மருத்துவர்.

மாமா பனி அள்ளவே கூடாது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் ஈரப் பனியைத் தூக்கி வீசுவது இதயத்துக்குப் பெரிய சுமை. ஒவ்வொரு குளிர்காலமும் இப்படி வருகிறவர்களைப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

அத்தையின் முட்டிக்கு, பூட்ஸின் அடியில் மாட்டும் முள்பட்டை நல்லது. ஆனால் வழவழப்பான தரையில் அதே முள்பட்டை வழுக்கிவிடும். ஆலய வாசலில் உட்கார்ந்து கழற்றிவிட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும்.

எட்மண்டன்_மருமகள்

நர்ஸ் அக்கா, இதை அப்படியே மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். பனி அள்ளுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் வாதாடினார். மற்றதெல்லாம் சரி என்றார்.

கார்ட்ஸ்டன் குளிர் எட்மண்டனை விடக் குறைவு, சூடான காற்று வீசும் என்று அவர் சமாதானம் சொல்கிறார். அது உண்மையா?

லெத்பிரிட்ஜ்_லாரி

பாதி உண்மை. சினூக் காற்றைத்தான் சொல்கிறார். நான் அந்தப் பக்கம் வருஷக்கணக்காக டிரக் ஓட்டுகிறேன், அதனால் மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன்.

பசிபிக் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று ராக்கி மலை மேல் ஏறும்போது மழையாகவும் பனியாகவும் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்க அழுத்தம் கூடிச் சூடாகிறது, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி. மேற்கு வானத்தில் வில் மாதிரி ஒரு மேக விளிம்பு, அதற்கடியில் நீல வானம் தெரிந்தால் வருகிறது என்று அர்த்தம். கார்ட்ஸ்டனுக்கு வடமேற்கே இருக்கும் பின்சர் கிரீக்கில் 1962இல் ஒரே மணி நேரத்தில் மைனஸ் 19இலிருந்து பிளஸ் 22க்கு ஏறியதாகப் பதிவு இருக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் பகலில் உருகிய தண்ணீர் ராத்திரி மறுபடி உறையும். மறுநாள் விடிகாலை ரோடு ஈரமாக இருப்பது போலத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாத ஐஸ். வயதானவர்கள் விழுவது மைனஸ் முப்பதில் இல்லை, சினூக்குக்கு மறுநாள் காலையில்தான். அதோடு அந்தக் காற்றின் வேகம். ஹைவே 2இல் ஃபோர்ட் மெக்லாடிலிருந்து கார்ட்ஸ்டன் வரை வெட்டவெளி, நடுவில் ஸ்டாண்டாஃப், கைனாய் பழங்குடி மக்களின் நிலம். வானம் தெளிவாக இருக்கும்போதே தரையோடு பனி பறந்து ரோடு மறைந்துவிடும். காலி டிரெய்லரோடு வரும்போது என்னையே தள்ளும்.

அதனால் என் கருத்து, கால்கரி அம்மா சொன்னதிலிருந்து கொஞ்சம் வேறு. குளிர்காலத்தில் இவர்கள் ஹைவேயில் தாங்களே ஓட்டப் போகிறார்கள் என்றால், அனுப்பாதீர்கள். ஏப்ரலில் தொடங்கட்டும். ஊருக்குள் நடக்கும் தூரத்தில் வீடு என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கால்கரி_கோவை

தம்பி சொல்வதை நான் முழுசாக ஏற்கிறேன். முதலில் வீடு என்று நான் சொன்னதே அதற்காகத்தான். நாங்கள் ஆலயத்திலிருந்து சில தெரு தள்ளி, தரைத்தளத்தில், படி இல்லாத வீடாகப் பார்த்தோம். குளிர்காலம் முடியும்வரை ஹைவே பக்கம் நாங்களாகப் போவதில்லை. லெத்பிரிட்ஜில் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால் 511 ஆல்பர்ட்டாவில் சாலை நிலவரம் பார்த்துவிட்டு, உள்ளூரில் ஒரு பண்ணைக்காரர் தன் வண்டியில் கூட்டிப்போவார். கேட்டால் மறுக்கிறவர்கள் அந்த ஊரில் குறைவு.

கார் விஷயத்தில் உன் கணவரிடம் சொல். விண்டர் டயர் கட்டாயம். ராத்திரி என்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரைச் செருகி வைக்க, குளிரில் உடையாத, வெளியில் போடக்கூடிய எக்ஸ்டென்ஷன் கார்டு வேண்டும். காரில் ஒரு கம்பளி, மெழுகுவர்த்தி, மண்வெட்டி, ஒரு மூட்டை மணல்.

உள்ளே காற்று பயங்கரமாகக் காய்ந்திருக்கும். வெள்ளை உடை உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கும். உதடு வெடிக்கும், மூக்கில் இரத்தம்கூட வரும். ராத்திரி படுக்கும்போது கை முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்கச் சொல். டிசம்பரில் சூரியன் காலை எட்டரை வாக்கில் வந்து நாலரைக்குப் போய்விடும். உள்ளேயே இருக்கும் வேலை என்பதால் நாள்கணக்கில் வெளிச்சம் படாமல் போகும். மதிய இடைவேளையில் கொஞ்ச நேரம் வெயில் விழும் ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும்.

நேரத்து முறையைக் கேட்டு வாங்கலாம். விடிகாலை முறை வேண்டாம், பகல் முறை கொடுங்கள் என்று ஆலயத் தலைவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நம்மவர்கள் கேட்கத் தயங்குவார்கள். சர்க்கரை இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று மாமா வாய்விட்டுச் சொல்லட்டும்.

எஸ்போ_வாசி

பின்லாந்திலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. ஹெல்சிங்கி ஆலயம் என்பது எங்கள் எஸ்போவில்தான் இருக்கிறது, 2006 அக்டோபரில் பிரதிஷ்டை ஆனது. என்னோடு வேலை பார்த்த ஒரு பின்லாந்துக்காரரின் பெற்றோர் அங்கே ஊழியம் செய்தார்கள். அதற்கு முன்பெல்லாம் அவர்கள் கப்பலேறி ஸ்டாக்ஹோம் ஆலயத்துக்குப் போவார்களாம். அது 1985இல் வந்தது. அதற்கும் முன்னால் சுவிட்சர்லாந்து வரை போக வேண்டும். நேரமும் செலவும் தாங்காமல், ஆயுளில் ஒருமுறை போனவர்களே அதிகம் என்றார்.

ரஷ்யாவிலிருந்தும் சபையார் வருவார்கள். 2023 கடைசியில் தரைவழி எல்லை மூடியபின் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனாலும் டிசம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும் இந்த ஊரில், அந்த அம்மாவும் அப்பாவும் தங்கள் முறைக்குத் தவறாமல் போனார்கள். வருபவர் எத்தனை பேர் என்பது தங்கள் கையில் இல்லை, உள்ளே இருப்பது தங்கள் கையில் இருக்கிறது என்று அந்த அம்மா சொல்வாராம்.

எட்மண்டன்_மருமகள்

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். இதே ஊழியத்தை மே மாதத்தில் தொடங்கினால் என்ன குறைந்துவிடும்? குளிர்காலத்தில் அங்கே ஆள் வருவதே குறைவாக இருக்கும் என்றால், இவர்கள் யாருக்காகப் போகிறார்கள்?

கால்கரி_கோவை

நல்ல கேள்வி. இதைத்தான் நானும் போவதற்கு முன் என் கணவரிடம் கேட்டேன்.

முதல் காரணம் ஆள் பற்றாக்குறை. குளிர் தொடங்கியதும் ஆல்பர்ட்டாவில் ஓய்வுபெற்றவர்களில் வசதி உள்ளவர்கள் அரிசோனா பக்கம் போய்விடுவார்கள், பனி உருகிய பிறகுதான் திரும்புவார்கள். ஆலயத்தில் வாராவாரம் முறை போட்டு வந்துகொண்டிருந்த அதே வயதுக்காரர்கள்தான் அவர்கள். கோடையில் வெளியூரிலிருந்து பேருந்து போட்டுக் கூட்டம் வரும், உதவிக்கும் ஆள் இருக்கும். ஜனவரியில் உதவிக்கு ஆள் இருக்காது.

ஆனால் வருபவர்கள் இல்லை என்று நினைக்காதே. அது கோதுமையும் மாடும் உள்ள ஊர். விதைப்பு, அறுவடைக் காலத்தில் டிராக்டரை விட்டு இறங்க நேரம் இல்லாதவர்களுக்குக் குளிர்காலத்தில்தான் ஒரு பகல் பொழுது கிடைக்கும். கன்று ஈனும் காலத்தில் ராத்திரி முழுக்கக் கொட்டகையில் நின்றுவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வருகிற பண்ணைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். முந்தின வாரம் மனைவியை அடக்கம் செய்துவிட்டு, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வருகிற கிழவர்கள் உண்டு. கணவன் மனைவியையும் பிள்ளைகளையும் நித்தியத்துக்கும் சேர்த்து முத்திரிக்கிற இடம் என்பது எங்கள் நம்பிக்கை. அப்படி ஒருவர் புயல் நாளில் வந்து நிற்கும்போது, "இன்று ஆள் இல்லை, மூடிவிட்டோம்" என்று சொல்லாமல் இருக்க உள்ளே சிலர் இருந்தாக வேண்டும். நான் போனது அவருக்காக.

அப்புறம், எங்கள் சபையின் வரலாற்றில் ஆலய ஊழியமே ஒரு குளிர்காலத்தில்தான் அப்படிப் பெருகியது. இல்லினாய் மாநிலத்தில் நாவூ என்ற ஊர். ஊரை விட்டு விரட்டப்படப் போகிறோம் என்று தெரிந்த பிறகும் ஆலயத்தைக் கட்டி முடிக்க இடைவிடாமல் உழைத்தார்கள். 1845 டிசம்பர் 10இலிருந்து 1846 பிப்ரவரி 7 வரை, இரண்டே மாதத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கடவுளோடு தங்கள் உடன்படிக்கைகளைச் செய்தார்கள். அப்போது சபையை வழிநடத்திய பிரிகாம் யங்கும் உடன் ஊழியர்களும், பெண்களும் சேர்த்துத்தான், இரவும் பகலும் அங்கேயே இருந்தார்கள். பிப்ரவரி 4இலேயே முதல் வண்டிகள் மிசிசிப்பியைக் கடக்கத் தொடங்கிவிட்டன. அந்த மாதக் கடைசியில் ஆறே உறைந்து, சிலர் பனிக்கட்டி மேல் வண்டி ஓட்டிப் போனார்கள். அடுத்த குளிர்காலத்தை நெப்ராஸ்காவில் விண்டர் குவார்ட்டர்ஸ் என்ற முகாமில் கழித்தார்கள். நோயிலும் பசியிலும் இறந்த நூற்றுக்கணக்கானவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். அந்தக் கல்லறையை ஒட்டியே 2001இல் ஓர் ஆலயம் கட்டியிருக்கிறார்கள்.

கார்ட்ஸ்டனை உண்டாக்கியவர்களில் அப்படி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் உண்டு. அங்கே ஜனவரியில் பூட்ஸைக் கழற்றி வெள்ளைக் காலணி மாட்டும்போது எனக்கு அவர்கள் நினைப்பு வரும். அவர்களுக்கு ஹீட்டர் இல்லை, எனக்கு இருக்கிறது.

உன் அத்தைக்கும் மாமாவுக்கும் இதெல்லாம் தெரியும், மகளே. தெரிந்துதான் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். உன் பயத்தை அவர்களிடம் மறைக்காதே, சொல். ஆனால் தடுக்காதே.

மயிலை_வாசகர்

அம்மா, அந்த மனைவியை இழந்த பெரியவரைப் பற்றி எழுதினீர்களே, அதைப் படித்த பிறகு என் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சொந்தக் காசு விஷயத்தில் எனக்கு இன்னும் உறுத்தல் இருக்கிறது, குறைந்தது வாடகையையாவது சபை கொடுக்கலாம். பெங்களூரில் ஓர் ஆலயம் வருகிறது என்று செய்தி பார்த்தேனே, உங்களுடையதுதானா?

கால்கரி_கோவை

எங்களுடையதுதான் ஐயா. 2018 ஏப்ரலில் அறிவித்து, 2020 டிசம்பரில் அடிக்கல் வேலை தொடங்கியது. இந்தியாவில் எங்களுக்கு முதல் ஆலயம். அதற்கு முன் நம்மூர்ச் சபையார் ஹாங்காங் வரை போக வேண்டியிருந்தது, பலர் போகவே முடியாமல் காலமானார்கள். கோயம்புத்தூர், சென்னை ஆட்களுக்கு ஒரு ராத்திரி ரயில் பயணத்தில் ஆலயம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னால் எழுதி முடிக்க முடியாது. உடம்பில் தெம்பு இருந்தால் அங்கேயும் ஊழியத்துக்குக் கேட்போம்.

வாடகை பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வசதி இல்லாத நல்ல ஊழியர்கள் பலர் அதனாலேயே போக முடிவதில்லை.

எட்மண்டன்_மருமகள்

நேற்று இரவு நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். ஆலயத்திலிருந்து நடக்கும் தூரத்தில் தரைத்தள வீடு ஒன்றை அத்தையின் சபைத் தோழி பார்த்து வைத்திருக்கிறார். மாமா பகல் முறை கேட்டுக் கடிதம் எழுதிவிட்டார். பனி அள்ள மாட்டேன் என்று பேரனிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். ஹைவேயில் அவர்கள் ஓட்டப்போவதில்லை. காரோடு நாங்களே கொண்டுபோய் விட்டுவிட்டு, நாங்கள் வேறு வண்டியில் திரும்புவோம்.

அத்தை ஒரு விஷயம் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. வெள்ளைக் காலணிக்குள் போட கம்பளி சாக்ஸ் வெள்ளை நிறத்தில் கிடைக்குமா? இங்கே கடைகளில் எல்லாம் சாம்பலும் கருப்பும்தான் இருக்கிறது.

கால்கரி_கோவை

கம்பளி வேண்டாம், உள்ளே வியர்க்கும். மெல்லிய வெள்ளைப் பருத்தி சாக்ஸ் போதும். கம்பளி சாக்ஸ் பூட்ஸுக்கு மட்டும், அது எந்த நிறமாக இருந்தாலும் சரி. முட்டிக்குப் பட்டை போடுவதானால் அதையும் வெள்ளையில் வாங்கச் சொல், லெத்பிரிட்ஜ் மருந்துக்கடைகளில் கிடைக்கும். உங்களுக்கு வழியில் கால்கரியில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் தனிமடல் போடு, சாதம் வைத்து ரசம் வைக்கிறேன்.

லெத்பிரிட்ஜ்_லாரி

கிளம்பும் நாளை இங்கே சொல்லுங்கள். ஹைவே 2 எப்படி இருக்கிறது என்று காலையில் பார்த்துப் போடுகிறேன்.